இரவல் குரல்

நாற்பத்தேழு நிமிசப் படம்.
தொண்ணூற்று மூன்றில் எடுத்தது.
பங்கு மண்டபத்தில் ஒரேயொரு தரம் ஓடியது.
பதினொரு பேர் பார்த்தோம்,
அதில் நாலு பேர் நடித்தவர்கள்.
"சண்டையுமில்லை பாட்டுமில்லை, இதென்ன படம்"
என்று பாதியில் எழும்பிய சூசைப்பிள்ளை மாஸ்ரர்
வாசலில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு
ஊரடங்குக்கு முதல் வீடு சேர்ந்தார்.
அதற்குப் பிறகு ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.
கூடாது என்றுகூட.

இப்போது
பூஞ்சணம் பிடித்த கசற்றைக் கழுவித் துடைத்து
கணினிக்குள் ஏற்றியிருக்கிறார்கள் வளாகத்துப் பிள்ளைகள்.
டைக் வீதியில் ஒரு மாடிச் சுவரில்
வெள்ளை வேட்டி கட்டிக் காட்டுகிறார்கள்.
பிளாஸ்ரிக் கதிரைகள் போதவில்லை.

கதை இவ்வளவுதான்:
அக்கரையிலிருந்து தையல் மெசின் ஒன்று வருமென்று
ஒருத்தி நாள்தோறும் இறங்குதுறைக்குப் போவாள்.
பாதை வரும். மெசின் வராது.
பாலம் இல்லாத காலம் அது;
பாதையென்றால் எங்களுக்கு
கிண்ணியாவிலிருந்து தண்ணீரில் மிதந்து வரும் றோட்டு.

கமறா, கிளமென்ற் அண்ணன் கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோவது.
தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைப் பலகையில் ஒட்டி
வெயிலைத் திருப்பிப் பிடித்தவன் தவரூபன்.
அவள் கன்னத்தில் வெளிச்சம் நடுங்குகிறது.
"என்ன நுட்பம்" என்கிறாள் முன்வரிசைப் பெண்.
அவன் அன்றைக்குக் காலமை சாப்பிடவில்லை.

இருபத்திரண்டாம் நிமிசம்
ஒரு மான் தன்பாட்டில் வந்து
கமறாவைப் பார்த்து
அவள் கையிலிருந்த கச்சானைச் சரையோடு தின்றுவிட்டுப் போகும்.
இந்தப் படத்தில் நன்றாக நடித்தது அதுதானென்று
அன்றைக்கே சொல்லிச் சிரித்தோம்.

முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்:
"அந்த ஏழைப் பெண்ணின் கொண்டையில்
எந்நேரமும் மல்லிகை.
சைக்கிள் ஹாண்டிலில் மணமாலை.
அது எதன் குறியீடு, ஐயா?"
கிளமென்ற் அண்ணனுக்கு இப்போது காது மந்தம்.
இரண்டாம் தரம் கேட்டுவிட்டு
"சென்றி" என்றார்.

படமெடுக்க விடமாட்டார்கள், கலியாணமென்றால் விடுவார்கள்.
மாப்பிள்ளை பொம்பிளையாகத்தான் தினமும் சந்தி கடந்தோம்.
எட்டு நாளில் ஒரே பொம்பிளைக்கு மூன்று மாப்பிள்ளை.
கடைசி நாள் ஆமிக்காரப் பெடியன் ஒருவன்
எல்லாம் விளங்கியவன்போல
அவளுக்கு ஒரு டொபி கொடுத்தான்.

ஒன்பதாம் நாள் ஜெசிந்தா வரவில்லை.
கொழும்பு பஸ், அங்கிருந்து பிரான்ஸ்.
முகம் முழுக்க எடுத்தாயிற்று. குரல்தான் இல்லை,
எல்லாக் காட்சியிலும் காற்றும் வள்ள மெசினும்.
அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.
பத்தொன்பது வயது, கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு.
"உன்ர குரல் நல்லாயிருக்கு, சுகிர்தா" என்றார் அண்ணன்,
மற்றதைச் சொல்லாமல்.
சன்னலுக்கு மெத்தையைச் சாத்திவிட்டு
அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன்.
"இண்டைக்கும் வரேல்லையோ?"
படத்தில் அது பதினான்கு தரம் வரும்.
பதினான்கும் பதினான்கு விதமாக இருக்கவேண்டுமென்று
விடியும்வரை விடவில்லை அந்த மனுசன்.

பெயர்கள் ஓடும் கடைசி நிமிசத்தைப்
பூஞ்சணம் தின்றுவிட்டது.
நான் இருந்தது அங்கேதான்.

நேற்றிரவு ஜெசிந்தா எடுத்தாள்.
பிள்ளைகள் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்,
மூன்று தரம் பார்த்தாளாம்.
"முகம் போனால் போகட்டும். ஆனா பார்,
என்ர குரல் அப்ப என்ன வடிவு" என்றாள்
முப்பது வருடக் குளிர் கரகரக்கும் தொண்டையால்.

வாயைத் திறந்தேன்.
அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றேன்,
இயன்றவரை
வேறொரு குரலில்.